கோல்கீப்பர் ரோசரியின் தொண்டை

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அமிர்தராஜ் வீட்டுப் பெண் ரோசரியைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள் அதிகம். ஆள் குள்ளம். குரல் அப்படியில்லை. அவள் வாசலில் நின்று தோழியிடம் பேசினால், "உள்ள வந்து பேசுடி, ஒர்க்‌ஷாப் வரைக்கும் கேட்குது" என்று அம்மா அடுப்படியிலிருந்து அதட்டுவாள். அமிர்தராஜ் அந்த ஒர்க்‌ஷாப்பில்தான் வெல்டராக இருந்தார். "எனக்கு ஒண்ணும் கேட்கலயே" என்று சிரிப்பார். இரும்புச் சத்தத்திலேயே வருஷக்கணக்கில் இருந்ததால் அவருக்குக் காது மந்தம். வீட்டில் மற்றவர்கள் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். ரோசரி ஒருதடவை சொன்னால் போதும்.

அவளுக்குத் தம்பி ஒருவன், ஜோஸ்வின். சாயங்காலமானால் ரயில்வே மைதானத்தில் பந்தோடு கிடப்பான். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது, இழுத்துக்கொண்டு வா என்று அம்மா ரோசரியை அனுப்புவாள். "இரு, இந்த ஒரு கோல்" என்பான் அவன். அந்த ஒரு கோல் விழுகிறவரை ரோசரி கோல் போஸ்டுக்குப் பின்னால் நிற்பாள். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கே நின்றால் மைதானம் முழுக்கத் தெரிந்தது. யார் யாரை விட்டுவிட்டு நிற்கிறான், யார் பின்பக்கமாக நழுவி வருகிறான் என்பதெல்லாம் தெரிந்தது. தெரிந்த பிறகு அவளால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"டேய் ஜோஸ்வின், பின்னாடி செவப்புச் சட்டை வரான் பாரு! அந்தக் கண்ணாடிக்காரன் பக்கத்துல யாருமே இல்லடா, போங்கடா!"

பையன்கள் முதலில் எரிச்சலாகத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பார்த்தால் அவள் சொன்ன இடத்தில் செவப்புச் சட்டை நிஜமாகவே வந்துகொண்டிருந்தான். அவள் எந்தப் பக்கப் போஸ்டுக்குப் பின்னால் நிற்கிறாளோ அந்தப் பக்கத்தில் கோல் விழவில்லை என்பதைக் கொஞ்ச நாளில் எல்லோரும் கவனித்துவிட்டார்கள். அதற்கப்புறம் ரோசரி எந்தப் பக்கம் நிற்பது என்பதற்கும் காசு சுண்டிப் பார்த்தார்கள்.

ஜோஸ்வின் பக்கத்துக் கோல்கீப்பர் மதுரைவீரன் என்று ஒரு பையன். நல்ல உயரம், ஆனால் கோலில் நிற்கவே பிடிக்காது. முன்னால் போய் அடிக்கத்தான் ஆசை. ஒருநாள் அவன் நடு ஆட்டத்தில் திரும்பி, "யக்கா, நீங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு நான் நிக்கிறதுக்கு நீங்களே நின்னுடலாம்ல?" என்றான். கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை. அவனுக்கு விடுதலை கிடைத்த முகம். கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து அவளிடம் கொடுத்துவிட்டு ஓடியே போய்விட்டான்.

ரோசரி போஸ்டுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து நின்றாள். அவளுடைய விளையாட்டு வாழ்க்கை அப்படித்தான் ஆரம்பித்தது.

நின்ற பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. மேலே இருக்கும் குறுக்குக் கம்பம் அவளுக்கு ரொம்பத் தூரம். குதித்தாலும் எட்டாது. ஆகவே பந்து வந்த பிறகு பிடிப்பதைவிட, பந்து வராமலே பார்த்துக்கொள்வதுதான் தனக்கு வழி என்று முடிவு செய்துகொண்டாள். முன்னால் நின்று தடுத்தாடுகிற பேக்குகளைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டால் எதிராளிக்குப் பந்தை அடிக்கவே இடம் கிடைக்காது. அப்படி நிறுத்துவதற்குத்தான் கடவுள் அவளுக்கு இந்தத் தொண்டையைக் கொடுத்திருக்கிறார். கல்லூரி அணியில் சேர்ந்தபோதும் இதேதான் அவள் ஆட்டம். மேட்ச் முடிந்து வரும்போது மற்றவர்கள் எல்லாம் மண்ணாக வருவார்கள். ரோசரியின் சட்டை இஸ்திரி போட்டது போட்டபடி இருக்கும். "கோல்கீப்பர்னா விழுந்து புரளணும்னாங்களே, நீ என்னடி சர்ச்சுக்குப் போயிட்டு வந்தவ மாதிரி வர்ற?" என்று அம்மாவுக்கே சந்தேகம். எதிரணிப் பெண்கள் அவளுக்கு ஸ்பீக்கர் என்று பெயர் வைத்தார்கள். ஒரு ரெஃப்ரி அவள் அருகில் வந்து, "கொஞ்சம் குறைச்சுக்கம்மா, நான் ஊதுற விசில் எனக்கே கேட்கல" என்று கெஞ்சியிருக்கிறார்.

கல்லூரியில் கடைசி வருஷம், மாநில அணித் தேர்வுக்குச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். ஜோஸ்வின் துணைக்குப் போனான். மைதானத்துக்குள் இறங்குவதற்கு முன்பே கோல்கீப்பர்களை எல்லாம் சுவரோரமாக நிற்க வைத்து உயரம் பார்த்தார்கள். ரோசரியிடம் வந்ததும் தேர்வாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"உயரம் பத்தாதும்மா."

"சார், பந்து முக்காவாசி தரையிலதான் சார் வருது" என்றாள் ரோசரி.

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தேர்வாளரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவள் பெயரை அடித்தார். அவளைப் பந்தைத் தொடக்கூட விடவில்லை.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரமாக உட்கார்ந்து செங்கல்பட்டு தாண்டியும் அழுதுகொண்டிருந்தாள். ஜோஸ்வின் விழுப்புரத்தில் இறங்கி வடை வாங்கி வந்து கொடுத்தான். அவள் அழுதுகொண்டே தின்றாள். "ஒரு பந்தாவது போட்டுப் பார்த்திருக்கலாம்டா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதுவும் மெதுவாகச் சொன்னாள். அக்காவுக்கு மெதுவாகப் பேச வரும் என்பது ஜோஸ்வினுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மைதானத்துக்குப் போனாள். போகாமல் வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

படிப்பு முடிந்ததும் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராக வேலை கிடைத்தது. கல்லூரி முடிந்ததும் பந்தை மூட்டை கட்டி வைக்க மனசில்லாத பெண்கள் சிலர் சேர்ந்து அகண்ட காவேரி என்று ஓர் அணி வைத்திருந்தார்கள், அதிலும் சேர்ந்தாள். கோடையில் கொள்ளிடத்து மணலில் பயிற்சி. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் ஏதாவது பள்ளி மைதானத்தில் கேட்டு வாங்கி ஆடுவார்கள். இடது பக்கத்துப் பேக், மலர்க்கொடி. பச்சைமலைக்காரி, பஸ் வராத ஊரில் ஏறி இறங்கியே வளர்ந்த கால், தளரவே தளராது. இப்போது போலீஸில் இருக்கிறாள். நடுவில் நிற்பவள் மெஹ்ரீன், பாலக்கரையில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை வேலை. முழுக்கைச் சட்டையும் தலையில் இறுக்கிக் கட்டிய துணியுமாக வருவாள். வாயே திறக்கமாட்டாள். ஆட்டம் முழுவதும் மொத்தமாக நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். "உனக்கும் சேர்த்து நான் பேசுறேன், நீ ஆடு" என்பாள் ரோசரி.

அந்த அணியில் ஆடும்போதுதான் ஆஸ்டின் வந்து சேர்ந்தான். கூட்டுறவு வங்கியில் கிளார்க், ஞாயிற்றுக்கிழமைகளில் லைன்ஸ்மேன். ஒரு மேட்சில் ரோசரி இருந்த பக்கத்துக் கோட்டோரம் கொடியோடு நின்றான். எதிரணி ஆள் ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும், "ஆஃப்சைடுங்க! கொடியைத் தூக்குங்க! உங்களைத்தாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவன் மிரண்டு போனான். கடைசியில் ஒரு தடவை, ஆஃப்சைடே இல்லாதபோது, கை தானாகவே கொடியைத் தூக்கிவிட்டது. கோல் செல்லாது என்று ஆகிவிட்டது. மேட்ச் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் வந்து நின்றான்.

"அது ஆஃப்சைடு இல்லீங்க. பயத்துல தூக்கிட்டேன். மனசு கேட்கல, அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எனக்கும் தெரியுங்க" என்றாள் ரோசரி.

"அப்புறம் ஏன் கத்துனீங்க?"

"தூக்குவீங்கன்னு நான் என்ன கண்டேன்?"

இரண்டு பேரும் எதிரணியைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னார்கள். அந்தப் பெண்கள் திட்டித் தீர்த்துவிட்டு, அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ஆஸ்டினுக்கும் ரோசரிக்கும் கல்யாணம். பீடத்தின் முன்னால் நின்று சம்மதம் சொல்லும்போது ரோசரிக்குக் குரலே எழும்பவில்லை. சாமியார் குனிந்து, "கேட்கலயேம்மா" என்றார். கோயில் முழுக்கச் சிரிப்பு. மகள் பிரான்சி பிறந்தபோது ஒரு சீசன் ஆடவில்லை. அதன் பிறகு தொட்டிலை ஆஸ்டினிடம் விட்டுவிட்டு வந்து மறுபடி கோலில் நின்றாள்.

இப்படியே போயிருக்கும். வாரத்தில் ஐந்து நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பின்னம் கற்பித்துக் கத்தி, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கத்தி, வீட்டில் பிரான்சியைக் குளிக்கக் கூப்பிட்டுக் கத்தி, போன வருஷம் பொங்கல் கழிந்த சமயத்தில் குரல் கட்டியது. சளி என்று நினைத்தாள். மிளகுக் கஷாயம் குடித்தாள். மார்ச்சில் பேசினால் பாதி வார்த்தை காற்றாகப் போனது. ஆஸ்டின் வற்புறுத்தித் தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டுக் குரல் நாணில் சின்னதாகக் கட்டி என்றார். பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம்.

"எடுத்ததும் ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. அப்புறம் மெதுவாப் பேசலாம். கத்துறது மட்டும் மழைக்காலம் வரைக்கும் நினைச்சே பார்க்காதீங்க."

ரோசரி கைப்பேசியில் எழுதிக் காட்டினாள். மே மாசக் கடைசியில் பொன்மலையில் போட்டி. பல ஊரிலிருந்து பெண்கள் அணிகள் வருகின்றன. விளையாடலாமா?

டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "உங்க கை கால்ல எனக்கு ஆட்சேபணை இல்ல. வாயைத் திறந்து கத்துனீங்கன்னா மறுபடி வளரும். அப்புறம் கிளாஸ்ல பாடம் நடத்தக்கூடக் குரல் மிஞ்சாது. பார்த்துக்கங்க."

ஏப்ரலில், பரீட்சை முடிந்த கையோடு, ஆபரேஷன் நடந்தது. ரோசரி வீட்டில் ஊமையாக இருந்த அந்த நாட்கள் பிரான்சிக்குத் திருவிழா. அம்மா கையைக் காட்டுவதற்கெல்லாம் அர்த்தம் சொல்கிற பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். ரோசரி விரலை ஆட்டி, "படுத்துத் தூங்கு" என்று காட்டினால், "அப்பா, ஐஸ்கிரீம் வாங்கித் தரச் சொல்றாங்க" என்பாள். ஆஸ்டினும் தெரிந்துகொண்டே வாங்கிக் கொடுப்பான். ரோசரி தலையணையை எடுத்து அவன்மேல் எறிவாள்.

அப்பா அமிர்தராஜ்தான் பாவம். பார்க்க வந்தார். ரிட்டயர் ஆன பிறகு அவருக்குக் காது இன்னும் மோசம். மகளிடம் வந்தால்தான் நிம்மதியாக நாலு வார்த்தை பேச முடியும். என்ன ஆபரேஷன், ஏன் பேசவில்லை என்று அம்மா பலதடவை சொல்லியும் அவர் காதில் சரியாக விழவில்லை. ரோசரி எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். அவரும் பார்த்தார். "என் காதுதான் சுத்தமாப் போயிடுச்சா, இல்ல நீதான் பேசலயா?" என்று கேட்டார். அவள் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆறுதல். மடியில் கட்டி வந்திருந்த வறுத்த கடலையை எடுத்து நடுவில் கொட்டினார். இரண்டு பேரும் தோல் உரித்து ஒருவருக்கொருவர் எடுத்து வைத்துச் சாயங்காலம் வரை தின்றுகொண்டிருந்தார்கள்.

மே மாதம் கொள்ளிடத்து மணலில் பயிற்சிக்குப் போனாள். வேறு கோல்கீப்பர் கிடையாது. மாற்று ஆளாக இருந்த பெண் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டாள். ஸ்ரீரங்கத்துப் பையன்கள் சிலரை எதிரே ஆட வைத்தார்கள். ஆட்டம் ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது, பெரிய சிக்கல் என்று. மெஹ்ரீனும் மலர்க்கொடியும் பந்தைப் பார்க்காமல் திரும்பித் திரும்பி ரோசரியையே பார்த்தார்கள். இத்தனை வருஷமாக முதுகுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த குரல் இல்லை. அந்தப் பையன்கள் வரிசையாகக் கோல் போட்டார்கள். அதுவரை சட்டை கசங்காத ரோசரி மணலில் விழுந்து விழுந்து எழுந்தாள். பாதிப் பந்து அவளைத் தாண்டித்தான் போனது.

இடைவேளையில் மெஹ்ரீன் தலைத்துணியை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "அக்கா, நீங்க கத்தும்போது எனக்கு ஒண்ணுமே தோணாது, கால் அதுபாட்டுக்குப் போகும். இப்ப நீங்க சும்மா நிக்கிறது மண்டைக்குள்ள ஙொய்னு கேட்குது."

என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கைதட்டிப் பார்த்தாள், கிளவுஸ் போட்ட கையில் சத்தமே வரவில்லை. விசில் என்றாள் ஒருத்தி. ரெஃப்ரி ஒத்துக்கொள்ள மாட்டார். மலர்க்கொடி ஊரிலிருந்து ஆட்டுக்குக் கட்டுகிற மணி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதை ஆட்டியதும், கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. அத்தனை பேரும் மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். ரோசரிக்குச் சிரிக்கவும் பயம். தொண்டையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

சிரித்து ஓய்ந்ததும் மலர்க்கொடிதான் கேட்டாள். "அக்கா என்ன சொல்லுவாங்கன்னு நமக்குத் தெரியாதா என்ன? எத்தனை வருஷமா அதையேதானே சொல்றாங்க. யாராவது ஒரு ஆள் சொன்னா ஆச்சு."

எல்லோரும் மெஹ்ரீனைப் பார்த்தார்கள். நடுவில் நிற்பவள் அவள்தான்.

"என்னால முடியாதுப்பா" என்றாள் மெஹ்ரீன்.

ரோசரி அவள் தோளில் கையைப் போட்டு, தனக்கு அனுமதித்த அளவு மெல்லிய குரலில் சொன்னாள். "நீ கத்த வேண்டாம். முன்னாடி நிக்கிறவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்லு, போதும்."

மறுபடி ஆடினார்கள். முதல் பந்து வந்தது. மெஹ்ரீனிடமிருந்து ஒரு கீச்சுக் குரல் வந்தது. "மலர்... இடது." யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது பந்து. மூன்றாவது பந்துக்கு, ஒரு பையன் அவளைத் தாண்டி ஓடியபோது, அடிவயிற்றிலிருந்து வந்தது: "அடியேய் மலரு, தூங்குறியாடி? பின்னாடி பாருடி!" ரோசரி அச்சு அசலாக இப்படித்தான் சொல்வாள். மெஹ்ரீன் சொன்னதும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். மலர்க்கொடி பந்தைப் பறித்துக்கொண்டு, "ஆமா அக்கா!" என்று பதில் சொல்லியபடி ஓடினாள். தன்னைவிடச் சின்னவளை அக்கா என்று கூப்பிட்டோம் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

பொன்மலையில் போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் சுலபமாக ஜெயித்தார்கள். அரையிறுதியில் சேலத்து அணி. அதில்தான் ஒரு விபத்து. கோலுக்கு முன்னால் உயரமாக வந்த ஒரு பந்தைப் பிடிக்க ரோசரி பாய்ந்து வந்தாள். இந்த மாதிரி நேரத்தில் கோல்கீப்பர் தன் பந்து என்று குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் ஒதுங்குவார்கள். குரல் வரவில்லை, மெஹ்ரீனும் அதே பந்துக்கு எம்பினாள். இரண்டு பேரும் மோதிச் சுருண்டு விழுந்தார்கள். பந்து உருண்டு கோலுக்குள் போனது. மெஹ்ரீனுக்கு உதடு கிழிந்து ரத்தம். எப்படியோ மற்ற கோல்களை வைத்து ஜெயித்துவிட்டார்கள். ஆனால் ரோசரி கிளவுஸைக் கழற்றி மெஹ்ரீன் முன்னால் வைத்தாள்.

"நாளைக்கு நான் நிக்கல. உங்கள்ல யாராவது நில்லுங்க. உனக்குப் பல்லு போயிருந்தா என்ன பண்றது?" என்றாள்.

மெஹ்ரீன் உதட்டில் ஐஸை வைத்துக்கொண்டு பேசினாள். இந்தச் சில வாரங்களில் அவளுக்குப் பேச்சு நன்றாகவே பழகியிருந்தது. "நீங்க வர்ற சத்தத்தை நான் கவனிக்கல, அது என் தப்பு. உங்க பூட்ஸ் சத்தம் கேட்டா நான் உட்கார்ந்துடுறேன். நீங்க பாட்டுக்கு வாங்க. வீட்டுக்குப் போயித் தூங்குங்க முதல்ல."

இறுதியாட்டம் மதுரை அணியோடு. அதில் முன்னால் ஆடும் பெண், ரோசரியைவிட ஒரு தலை உயரம். ரயில்வே ஆட்கள், சர்ச் ஆட்கள், ரோசரியின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று நல்ல கூட்டம். அமிர்தராஜ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்டின் கோட்டோரம் தண்ணீர் பாட்டிலோடு நின்றான்.

முதல் பாதி முழுவதும் மதுரைக்காரிகள் நெருக்கினார்கள். மெஹ்ரீன் கிழிந்த உதட்டோடு கத்திக்கொண்டேயிருந்தாள். அப்படியும் மீறி வந்த பந்துகளை ரோசரி விழுந்து தடுத்தாள். ஒன்றை இடது கைவிரல் நுனியில் தட்டிவிட்டாள். ஒன்றை வயிற்றில் வாங்கினாள். முட்டியில் தோல் உரிந்தது. விழுவது இத்தனை சந்தோஷமாக இருக்கும் என்று இதுநாள்வரை தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று இருந்தது அவளுக்கு.

இரண்டாம் பாதியில் ஒரு பந்தைப் பிடித்து நிமிர்ந்தபோது, இடது பக்கம் மலர்க்கொடிக்கு முன்னால் திறந்த வெளி தெரிந்தது. பழைய ரோசரியாக இருந்தால், "மலரு, ஓடு!" என்று கத்தியிருப்பாள், மதுரைக்காரிகள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பியிருப்பார்கள். இப்போது ஒன்றும் சொல்லாமல் பந்தை எறிந்தாள். மலர்க்கொடி மலையிறங்குகிற வேகத்தில் பாதி மைதானம் போன பிறகுதான் எதிராளிகளுக்கு விஷயமே தெரிந்தது. அவள் ஓரத்திலிருந்து பந்தை நடுவே தள்ள, மகாலட்சுமி என்கிற ஃபார்வர்டு ஓடிவந்து காலைக் கொடுத்தாள். கோல். மைதானம் அதிர்ந்தது. ரோசரி போஸ்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டம் முடியப்போகிற நேரம் மதுரைக்குக் கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக வளைந்து வந்தது, நேற்று வந்த மாதிரியே. அந்த உயரமான பெண் எம்பத் தயாராகிவிட்டாள். அவளுக்கு முன்னால் மெஹ்ரீன். ரோசரி ஓடிவந்தாள். தன் பந்து என்று சொல்லத் தொண்டை வரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டாள். மெஹ்ரீன் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரோசரி எம்பி, அந்தப் பெண்ணின் நெற்றிக்கு நேராக வந்த பந்தை இரண்டு முஷ்டியாலும் குத்தினாள். பந்து கோலுக்கு முன்னால் இருந்த நெரிசலைத் தாண்டிப் போய் விழுந்தது. மகாலட்சுமி அதைக் கோட்டுக்கு வெளியே உதைத்தாள். ரெஃப்ரி விசிலை நீளமாக ஊதினார்.

எல்லோரும் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். ரோசரி தலையை அண்ணாந்து, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள். அவ்வளவுதான், கோட்டோரத்திலிருந்து ஆஸ்டின் தண்ணீர் பாட்டிலைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான்.

"வாயை மூடு! ரோசரி, வாயை மூடுன்னு சொல்றேன்ல!"

பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஒரு பெண் போலீஸ் குறுக்கே வந்து அவன் கையைப் பிடித்துவிட்டாள். "யாருய்யா நீ? ஜெயிச்சிட்டு நிக்கிற பொண்ணைப் பார்த்து வாயை மூடுங்கிற? அறைஞ்சேன்னா தெரியும்."

"என் பொண்டாட்டிங்க..."

"பொண்டாட்டின்னா இப்படித்தான் பேசுவியா?"

மலர்க்கொடி ஓடிவந்து தன் சக போலீஸுக்கு விஷயத்தை விளக்குவதற்குள் ஆஸ்டினுக்கு வேர்த்துவிட்டது. ரோசரி வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கத்துவதற்குப் பதிலாக மெஹ்ரீனைத் தூக்கிச் சுற்றினாள். மெஹ்ரீன் அவளைவிடக் கனம். இரண்டு பேரும் விழுந்தார்கள்.

ஜூனில் பரிசோதனைக்குப் போனபோது தொண்டை சுத்தமாக ஆறியிருந்தது. குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. கொஞ்சம் கனத்து, தணிந்து, கரகரவென்று ஆகிவிட்டது. ஆஸ்டினுக்கு போன் போட்டு, "டாக்டர் நல்லாயிருக்குன்னுட்டார்" என்றபோது, "யாருங்க பேசுறது?" என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் அவள் இப்போது முன்பைவிட மெதுவாகப் பேசுகிறாள். பிள்ளைகள் முன்பைவிட அமைதியாக இருக்கிறார்கள். மழைக்காலம் வந்ததும் மைதானத்தில் பேசலாம் என்று அனுமதி கிடைத்தது.

ஆனால் அதற்குள் மெஹ்ரீனை நிறுத்த முடியாத நிலை. அவள் கத்துவதில் ருசி கண்டுவிட்டாள். ஆட்டத்தின் நடுவே ரோசரி வலது என்பாள், மெஹ்ரீன் இடது என்பாள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வார்கள். மலர்க்கொடி யார் சொல்வதையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு ஓடிப் பந்தை எடுத்துவிடுவாள்.

போன மாதம் புதுக்கோட்டையில் ஒரு மேட்ச். வேன் எடுத்துக்கொண்டு போனார்கள். கீரனூர் தாண்டியதும் எந்தப் பாதையில் போவது என்று டிரைவருக்கும் மெஹ்ரீனுக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. முன் சீட்டில் தொங்கிக்கொண்டு அவள் வழி சொல்ல, டிரைவர் காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டார். ரோசரி கடைசி சீட்டில் பிரான்சியின் தலை மடியில் கிடக்க, புதிதாக வாங்கிய கிளவுஸைப் போட்டுப் போட்டுக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரான்சி மேலே பார்த்து, "அம்மா, நாம ஜெயிச்சா பரோட்டா சாப்பிடலாமா?" என்றாள்.

"தோத்தாலும் சாப்பிடலாம்" என்றாள் ரோசரி.